தம்பி எங்கே என்று கேட்டார்கள்

1

இந்த மார்ச்சோடு நாங்கள் பின்லாந்துக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் இன்னும் பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பதில் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. இந்தத் தடவை ஒரு படிவத்தைப் பற்றி எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நாங்கள் குடியிருக்கும் நகரத்தின் பதிவு அலுவலகத்துக்குக் குடியுரிமை விண்ணப்பத்தோடு போனோம். என் கணவர் இங்கே காகித ஆலை இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். அவருடைய விண்ணப்பம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. என்னுடையது நின்றுவிட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். நாட்டுக்குள் வந்த புதிதில் நான் எழுதிக் கொடுத்த பழைய படிவத்தை எடுத்து, புதியதற்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே வரியில் விரலை ஊன்றினார்.

பழையதில், உடன்பிறந்தோர்: தம்பி ஒருவர். புதியதில், உடன்பிறந்தோர்: தங்கை ஒருவர். இருவருக்கும் பிறந்த தேதி ஒன்றுதான்.

"தம்பி எங்கே?" என்று கேட்டார்.

இந்த மொழியில் 'மூத்துயி' என்றால் மாறினார் என்று பொருள். 'மூத்தி' என்றால் வீடு மாறிப் போனார். பதற்றத்தில் நான் இரண்டாவதைச் சொல்லிவிட்டேன். அவர் உடனே பேனாவைத் திறந்து, "எந்த விலாசத்துக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த அரைகுறை பின்னிஷ், அவருக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலம், நடுவில் கையும் விரலுமாக விஷயத்தைச் சொல்லி முடித்தேன். என் தம்பி என்று எல்லாரும் நினைத்திருந்தவள் என் தங்கை. முதலில் எழுதியது நான் அறியாமல் எழுதியது. இப்போது எழுதியதுதான் சரி.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்குப் புரிந்ததை நான் எழுத முடியாது. காகிதத்தில் இருப்பதைத்தான் எழுத முடியும். உங்கள் தங்கையின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள்" என்றார்.

வெளியே வந்தபோது என் கணவர், "அவ்வளவுதானே, வாங்கி அனுப்பச் சொல்லிட்டாப் போச்சு" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் அவருக்கே நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த ஒரு சான்றிதழுக்காகத்தான் என் தங்கை ஊரில் கோர்ட் ஏறியிருந்தாள்.

2

என் தங்கை வடிவு எனக்கு ஐந்து வயது இளையவள். முக்கூடலுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில் அவள் பிறந்தபோது வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுதப் போவதில்லை. அது ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயர் என்று தெரிந்தால் போதும். அவளைப் போன்றவர்களைக் குறிக்க எங்கள் பக்கம் புழங்குகிற சொற்களையும் எழுதப் போவதில்லை. அவற்றில் ஒன்றுகூட ஒரு மனுஷியைக் கூப்பிடுவதற்காக உண்டானதில்லை. எல்லாம் எறிவதற்கு உண்டானவை.

எங்கள் ஊர் ஆற்றில் ஆண்கள் குளிக்க ஒரு படித்துறை, பெண்கள் குளிக்க ஒரு படித்துறை. நடுவில் ஒரு மருதமரம். பத்து வயதுவாக்கில் அவள் தினமும் காலையில் அந்த மரத்தடி வரைக்கும் வந்து நிற்பாள். அம்மா இந்தப் பக்கம் வா என்று கூப்பிட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். அப்பா அந்தப் பக்கம் கூப்பிட்டால் அவள் கால் நகராது. கடைசியில் ஆற்றுக்கு வருவதையே விட்டுவிட்டாள். ஊரே ஆற்றில் குளிக்கையில் அவள் மட்டும் கிணற்றடியில் குளித்தாள். பிடிவாதக்காரப் பிள்ளை என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டோம்.

நான் கல்யாணமாகி இங்கே வந்த அடுத்த வருஷம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழ்த் தட்டச்சில், ஒரே பக்கம். 'அக்கா, நான் உனக்குத் தம்பி இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை. உனக்கும் உள்ளுக்குள் தெரியும் என்று நினைக்கிறேன். என் பெயர் வடிவு' என்று இருந்தது. அதைப் படித்தவுடன் எனக்கு அந்த மருதமரத்தடிதான் கண்ணில் வந்தது. தெரியும் என்று அன்றைக்கே பதில் எழுதினேன். முழுக்க உண்மை இல்லை. அதை எழுதிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு அப்படி வாய்க்கவில்லை. அவர் எங்கள் ஊரின் மணியக்காரராக இருந்தவர். அரசாங்கம் ஒரே உத்தரவில் பரம்பரை மணியங்களை எல்லாம் எடுத்துவிடும் வரைக்கும் ஊரின் பிறப்பு, இறப்புப் பதிவேடு அவர் கையில்தான் இருந்தது. தான் எழுதிய பதிவேட்டில் ஓர் அடித்தல்கூடக் கிடையாது என்பது அவருடைய பெருமை. வடிவு முதல் தடவை சேலை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவர் கத்தவில்லை, கை நீட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு நின்ற பேச்சு ஏழு வருஷம் நின்றது.

அவள் அம்பாசமுத்திரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தட்டச்சுப் பள்ளி ஒன்றில் சொல்லிக்கொடுத்தாள். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். திரும்பி வந்ததும் மைதீன் என்கிற வக்கீலிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். அவர் மேலப்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. அவளை முதல் நாளிலிருந்தே "வடிவும்மா" என்றுதான் கூப்பிட்டார் என்று எழுதியிருந்தாள். அதை அடித்திருந்த வரியை இரண்டு தடவை அடித்திருந்தாள். தட்டச்சில் எழுத்தை அழுத்தமாக்க அதுதான் வழி.

3

வழக்கு வேலையில்தான் ஆரம்பித்தது. தமிழ்த் தட்டச்சில் அவள் மேல்நிலை தேறியவள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பள்ளிக்கூடம் முடித்த காலத்திலேயே பதிந்து வைத்திருந்தாள். பல வருஷம் கழித்து ஓர் அரசுத் தட்டச்சர் பணிக்கு அழைப்பு வந்தது. போனாள்.

அங்கே இருந்தவர் அழைப்பையும் அவளையும் பார்த்துவிட்டு, "இந்த ஆளு வரலையா?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"விளையாடுதியா? பேரப் பாரு, ஆண்னு போட்டிருக்கதப் பாரு. இதுல உள்ள ஆளைக் கூட்டியா."

தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் அவளை உட்காரவே விடவில்லை. சான்றிதழை மாற்றித் தரச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிறப்புச் சான்றிதழில் மாறினால் நாங்களும் மாற்றித் தருகிறோம் என்றார்கள். எங்கள் ஊர்ப் பதிவேடுகள் போய்ச் சேர்ந்திருந்த அலுவலகத்துக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் அப்படியே எழுதியிருந்தாள்.

"புஸ்தகத்துல ஆண்னு இருக்கு. பிழை இருந்தாத்தான் திருத்த முடியும். பிழை எங்க இருக்கு?" என்றாராம் அதிகாரி.

"நான்தான் இங்கன நிக்கேனே சார்."

"நீ நிக்கது எனக்குத் தெரியுதும்மா. புஸ்தகத்துக்குத் தெரியாதுல்லா? மேலேருந்து உத்தரவு வரட்டும், எழுதுதேன்."

மேலே போனாள். அப்படி ஒரு விதி இல்லை என்றார்கள். அதற்கும் மேலே மனு அனுப்பினாள். பதிலே இல்லை. யாரும் அவளைத் திட்டவில்லை, துரத்தவில்லை. எனக்கு அதிகாரம் இல்லை என்று ஒவ்வொருவரும் அடுத்த மேசையைக் காட்டினார்கள்.

மைதீன் வக்கீல்தான் சொன்னார். "வடிவும்மா, தரணும்னு சட்டம் இல்லங்கிறாங்க. சரி. தரக்கூடாதுன்னு மட்டும் சட்டம் இருக்கா? அதுவும் இல்லையே. அப்போ கோர்ட்ல கேப்போம். இல்லன்னு சொல்லுததா இருந்தாலும் ஒரு நீதிபதி எழுதிச் சொல்லட்டும்."

பிராதை அவளே அடித்தாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் கிடைத்தது. கோர்ட் தமிழில் வழக்குப் போட்டவர் 'வாதி'. வாதி ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 'ஏழு பக்கமும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் போனது அக்கா. வாதி பிறந்தார், வாதி படித்தார், வாதி துன்புற்றார்' என்று எழுதியிருந்தாள்.

அரசுத் தரப்பின் பதிலுரை இரண்டே பக்கம். பதிவு எழுதப்பட்ட நாளில் அது சரியாகவே இருந்தது. சரியான பதிவைத் திருத்த எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை. ஆகையால் வழக்கைத் தள்ள வேண்டும்.

4

என் மகள் பவானி இங்கேயே பிறந்தவள். அப்போது அவளுக்கு ஆறு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பின்னிஷில் பதில் சொல்லும் வயது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பேசும்போது மட்டும்தான் தமிழ்.

பின்னிஷில் அவன், அவள் என்ற பிரிவு கிடையாது. இரண்டுக்கும் 'ஹேன்' என்கிற ஒரே சொல். ஆகவே பவானியின் தமிழில் வினைச்சொற்கள் எல்லாம் தாறுமாறாக முடியும். "தாத்தா சாப்பிட்டாளா?" என்பாள். "ஆச்சி தூங்குறான்" என்பாள். நான் திருத்துவேன். ஒருநாள் போனை வைத்த பிறகு, "சித்தி வந்தான் இல்லை, வந்தாள்" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அந்த ஒரு தப்பை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வந்தாச்சுன்னு சொன்னா போதாதா?" என்று கேட்டாள்.

 பின்னிஷில் வடிவைப் பற்றி யாரிடமும் நாள் முழுக்க நான் பேசலாம். ஓர் இடத்திலும் நாக்கு தடுக்காது. தமிழில் வாய் திறந்தால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். அம்மா ஏழு வருஷமாகப் 'பிள்ளை' என்று சொல்லியே சமாளித்தாள். "பிள்ளை வந்துச்சு, பிள்ளை சாப்பிட்டுச்சு." அப்பா வாக்கியமே பேசவில்லை.

மகளுடைய தமிழ் நழுவிப் போகிறதே என்று கவலைப்படுகிறவள்தான் நான். ஆனாலும் அன்றைக்கு அவளைத் திருத்தாமல் விட்டேன். அவளுக்குச் சித்தி சித்திதான். அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

5

அடுத்த வருஷம் மே மாதக் கடைசியில் அம்மா போனில் அழுதாள். அப்பாவுக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருந்தது. வடிவு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. தகப்பனைக் கூண்டில் ஏற்ற மாட்டேன் என்று அவள் வக்கீலிடம் முதலிலேயே சொல்லியிருந்தாள். கூப்பிட்டது அரசுத் தரப்பு. பதிவை எழுதியவரே உயிரோடு இருக்கிறார், அவர் வாயாலேயே அது சரியான பதிவு என்று சொல்லவைத்தால் வழக்கு முடிந்துவிடும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

விசாரணை ஜூலையில். இங்கே ஜூலையில் எல்லாருக்கும் விடுமுறை. பவானியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். சாரல் காலம். மலைப்பக்கம் முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது.

அப்பா சம்மனை மேசையில் பேப்பருக்கு அடியில் வைத்திருந்தார். வந்த அன்றைக்கே கேட்டுவிட்டேன்.

"அப்பா, கோர்ட்டுல என்ன சொல்லப் போறீய?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன்."

"வடிவுக்கு எதிரா சாட்சி சொல்லுவீயளா?"

"நான் ஆருக்கும் எதிரா இல்ல. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லச் சொல்லுதியா? எழுதினது நான். சரியாத்தான் எழுதினேன்."

அடுப்படியிலிருந்து அம்மா, "பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். பெத்த பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசினா என்ன கொறஞ்சா போயிரும்?" என்றாள். அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிராது நகல் உங்கிட்ட இருக்காட்டி?" என்று கேட்டார். இருந்தது, கொடுத்தேன். அன்று முழுவதும் படித்தார். அதற்கடுத்த நாளும் படித்தார். ஓர் எழுத்து விடாமல், பழைய மணியக்காரர் படிக்கிற மாதிரி, விரல் வைத்துப் படித்தார்.

"ஏழு பக்கம். ஒரு அடித்தல் இல்ல. ஒரு ஒற்றுப்பிழை இல்ல. வக்கீல் குமாஸ்தா ஆரு?"

"குமாஸ்தா இல்லப்பா. வடிவு அடிச்சது."

அப்பா பக்கத்தைத் திருப்பினார். பிறகு நாலாவது பத்தியில் விரலை வைத்தார். 'வாதியின் தகப்பனார் நேர்மையான அலுவலர். பதிவில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை' என்று அதில் இருந்தது.

"இது வக்கீல் சொல்லி எழுதினதா?"

"வக்கீல் வேண்டாம்னுதான் சொன்னாராம். பதிவு சரின்னு நாமளே சொல்லிட்டா வழக்கு பலவீனமாயிரும்னாராம். அவதான், அது இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னாளாம்."

அப்பா காகிதத்தை அது மடிந்திருந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினார்.  அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

6

கோர்ட்டில் டவாலி வடிவின் பழைய பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டார். திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்த ஆண் எழுந்து வருகிறான் என்று திரும்பிப் பார்த்தார்கள். நீலச் சேலையில் என் தங்கை எழுந்து நடந்தாள். யாரோ சிரித்தார்கள். அவள் தலை குனியவில்லை. 

பிறகு அப்பா கூண்டில் ஏறினார். வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அரசு வக்கீல் பதிவேட்டை அவர் முன்னால் விரித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"ஆண் என்று எழுதியது நீங்கதானே?"

"நான்தான்."

"யாராவது சொல்லி எழுதினீங்களா?"

"என்கிட்ட ஆரும் அப்படிச் சொல்ல முடியாது."

"இந்தப் பதிவில் ஏதாவது பிழை இருக்கா?"

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். தன் கையெழுத்தை இருபத்தேழு வருஷம் கழித்துப் பார்க்கிறார். "இல்ல" என்றார்.

அரசு வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். வடிவு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைதீன் வக்கீல் எழுந்தார். அவர் கையில் காகிதமே இல்லை.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

"ரெண்டு."

"ஆண் எத்தனை, பெண் எத்தனை?"

 நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வெளியே தகரக் கூரையில் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது.  அப்பா வடிவைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் அவளை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டும் பொண்ணு" என்றார்.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்போ நீங்க எழுதின பதிவு தப்புன்னு சொல்றீங்களா?"

"தப்புன்னு சொல்லல. பிறந்து மூணாம் நாள் எழுதினது. மூணு நாள் பிள்ளையைப் பத்தி அன்னைக்கு என்ன தெரிஞ்சுதோ அதை எழுதினேன். சரியாத்தான் எழுதினேன். இருவத்தேழு வருசம் கழிச்சித் தெரிஞ்சதை எழுதுததுக்கு எனக்கு இப்ப அதிகாரம் இல்ல, சர்க்கார் எடுத்துக்கிட்டுது. அதிகாரம் இருக்கவுக எழுதட்டும்."

நீதிபதி அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னார்.

நாங்கள் வெளியே வந்தபோது சாரல் வலுத்திருந்தது. வடிவு எங்களோடு ஒட்டாமல், வாசலில் கூரைக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். அப்பா குடையை விரித்தார். சின்ன வயதிலிருந்து அவளை அவர் "லே" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். ஆண்பிள்ளையை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைத்தான் "ஏட்டி" என்பார்.

"ஏட்டி" என்று கூப்பிட்டார். நான் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஏட்டி வடிவு, மழையில நனையாத. இங்கன வா."

அவள் வந்து குடைக்குள் நின்றாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்கள். நானும் பவானியும் பின்னால் நனைந்துகொண்டே போனோம்.

7

தீர்ப்பு நாலு மாதம் கழித்து வந்தது. நான் இங்கே திரும்பியிருந்தேன். வடிவு அதை அடித்து அனுப்பினாள். பழைய பதிவை அழிக்கக் கூடாது. அது அன்றைக்கு உண்மையாக எழுதப்பட்டது. ஆனால் பதிவேடு மக்களுக்காக இருப்பதால், வாதியின் பெயர் வடிவு என்றும், மருத்துவச் சான்றின்படியும் நீதிமன்ற உத்தரவின்படியும் பெண் என்றும் பதிவின் ஓரத்தில் எழுதி, தேதியிட்டு, அதிகாரி கையெழுத்திட வேண்டும்.

நான் போனில் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "முழுசும் கெடைக்கலக்கா. நடுவுல பழசு அப்படியே இருக்கு. ஓரத்துலதான் நான் இருக்கேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா கையெழுத்தோட இருப்பேன்லா" என்றாள்.

தீர்ப்பு வந்தால் எழுதிவிடுவார்களா? மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டிருக்கிறோம், மேலேருந்து பதில் வரட்டும் என்று அந்த அலுவலகத்தில் இழுத்தார்கள். ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. அப்பா ஒரு திங்கட்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.  அந்த அலுவலகத்து வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அடுத்த திங்களும் போனார். அதற்கடுத்த திங்களும் போனார்.

"பெரியவரே, எதுக்கு இப்படி வந்து உக்காருதீங்க? உத்தரவு வந்தா நாங்களே சொல்லி அனுப்புவோம்" என்றாராம் அங்கிருந்த அலுவலர்.

"உத்தரவு வந்தாச்சு தம்பி. கோர்ட்டு போட்டது உத்தரவு இல்லாம என்னது? மேலே மேலேங்கீரே, கோர்ட்டுக்கும் மேல ஆரு இருக்கா உமக்கு?" என்றாராம் அப்பா. "நானும் அந்தப் புஸ்தகத்தை வச்சிருந்தவன்தான். ஓரத்துல எழுத இடம் இருக்கான்னு நீரு பார்க்க வேண்டாம். இருக்கு. நான் விட்டுத்தான் எழுதிருக்கேன்."

ஆறாவது திங்கட்கிழமை எழுதினார்கள். மேல்முறையீடு வேண்டாம் என்று மேலே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் எங்கள் நன்றி உண்டு.

சான்றிதழின் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு இங்கே பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அதே பெண்மணிதான். நடுவில் இருந்ததைப் படித்தார். ஓரத்தில் இருந்ததையும் படித்தார். "இதைப் போன்ற ஒன்றை நான் பார்த்ததில்லை" என்றார். பிறகு என் படிவத்தில் தங்கை என்ற சொல்லுக்கு எதிரே சின்னதாக ஒரு குறி போட்டார். முத்திரை குத்தினார். கண்ணாடித் தடுப்பின் அடியில் இருந்த சந்து வழியாகக் கையை நீட்டி என் விரல்களைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். இந்த ஊர்க்காரர்கள் லேசில் அப்படிச் செய்யமாட்டார்கள்.

வடிவுக்கு வந்த அந்த முதல் வேலை போனது போனதுதான். அதில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடச் சான்றிதழை மாற்றிக் கொடுத்தார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் புதிதாகப் பதிந்து வரிசையில் கடைசியில் நிற்கிறாள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவர்கள் என்ன கேட்பார்களோ தெரியாது. இப்போதைக்கு மைதீன் வக்கீலிடம்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வந்து அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லையாம். "ரசம் ஊத்தவா? ஊத்து. அவ்வளவுதான் பேச்சு" என்கிறாள் அம்மா. அவள் குரலில் குறை ஒன்றும் தெரியவில்லை.

8

போன வாரம் அம்மா போனில் ஒரு சங்கதி சொன்னாள்.

கொற்கைப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை, இருபது வயது இருக்கும், தாயாரோடு வீடு தேடி வந்திருக்கிறது. சட்டை, பேண்டு போட்டு, தலைமுடியைத் துண்டால் மூடியிருந்ததாம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம். இப்படி ஓரத்தில் எழுதி வாங்கியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். வடிவு அம்பாசமுத்திரத்தில் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்.

"உங்கப்பா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாவ" என்றாள் அம்மா. "பேனாவும் தாளும் எடுத்துக்கிட்டு வந்து, பேரு என்னன்னு கேட்டாவ. அந்தப் பிள்ளை ரேசன் கார்டுல உள்ள பேரைச் சொல்லிச்சு. உங்கப்பா எழுதல. 'அது கார்டுல இருக்கும், நான் படிச்சுக்கிடுதேன். உன்னை எப்படிக் கூப்பிடணும், அதைச் சொல்லு'ன்னாவ. அந்தப் பிள்ளை அது அம்மா முகத்தைப் பார்த்துச்சு. அம்மைக்காரி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சேன். அது ஆறிப் போச்சு. உங்கப்பா பேனாவை மூடவும் இல்ல, அவசரப்படுத்தவும் இல்ல. அப்படியே உக்காந்திருந்தாவ."

"பொறவு?" என்று கேட்டேன்.

"பொறவு அம்மைக்காரிதான் பைய வாயத் தொறந்தா. 'ஏட்டி, சொல்லு. கேக்காவல்லா'ன்னா."